கதிர் வந்தது, மணி வரவில்லை

மண் பேசும் பக்கம்: வாசகர் கேள்விகளும் விளக்கமும்

இந்த முறை வந்த கடிதங்களில் இரண்டு, ஒரே நீல உப்பைப் பற்றியவை. ஒருவருடைய நிலத்துக்கு அந்த உப்பு இதுவரை போனதே இல்லை. இன்னொருவருடைய நிலத்துக்கு முப்பது வருடமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. உரக்கடையில் இருவருக்கும் கிடைத்த யோசனை ஒன்றுதான்: "மயில்துத்தம் போடுங்கள்." ஆனால் இருவருக்கும் விடை ஒன்றல்ல.

கேள்வி 1

"ஐயா, வணக்கம். வேதாரண்யம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். மணற்சாரி நிலம். மாமனார் காலத்தில் சவுக்கு நின்ற இடத்தைத் திருத்தி நாலு வருஷமாக நெல் போடுகிறோம். இந்தச் சம்பாவில் தூர்கட்டும்போது குருத்து இலையின் நுனி வெளுத்து, விரியாமல் ஊசி மாதிரி நின்றது. சத்துப் போதவில்லை என்று யூரியா இரண்டு தடவை கூடுதலாகப் போட்டோம். பயிர் கருகருவென்று வந்தது. கதிரும் வந்தது. கையில் பிடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். பூச்சி என்று சொன்னார்கள், மருந்தும் அடித்தோம். பக்கத்து வயலில் கண்டதில் பாதிகூட எங்களுக்குக் காணவில்லை. நகையை அடகு வைத்து உரம் வாங்கினோம், மீட்க வழி தெரியவில்லை. இப்போது கடையில் மயில்துத்தம் போடச் சொல்கிறார்கள். போட்டால் அடுத்த போகமாவது தேறுமா?"
– வேதாரண்யம் பகுதி வாசகி

விளக்கம்

கடிதத்தை மட்டும் வைத்து இது தாமிரச் சத்துக் குறைதான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் சந்தேகப்படுவதற்கு இதில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. நிலம் மணற்சாரி. குறை முதலில் தெரிந்தது குருத்து இலையில். யூரியா கூடுதலாகப் போட்ட பிறகு பயிர் செழித்தது, மணி மட்டும் பிடிக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே வயலில் சேர்ந்து வந்தால் மண்ணில் தாமிரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அதற்கு முன்னால், பதருக்குப் பல காரணம் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அடுத்த முறை கதிர் வரும்போது வயலில் இறங்கி இவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

* குருத்துப்பூச்சி: கதிர் முழுவதும் வெளுத்து நிமிர்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். தண்டின் அடியில் துளையும் புழுவின் எச்சமும் தெரியும்.
* கதிர்நாவாய்ப்பூச்சி: பால் பிடிக்கும் மணியில் பழுப்புப் புள்ளி இருக்கும். வயலில் இறங்கினாலே ஒரு கெட்ட வாடை அடிக்கும்.
* கழுத்துக் குலைநோய்: கதிரின் கழுத்துப் பகுதி கறுத்துச் சுருங்கி, கதிர் ஒடிந்து தொங்கும்.
* பூக்கும் நேரத்தில் அடைமழை: அக்கம்பக்கத்தில் அதே நாளில் பூத்த எல்லா வயலிலும் பதர் இருக்கும்.
* தாமிரக் குறை: பூச்சியோ புள்ளியோ கறுப்போ இருக்காது. கதிர் பச்சையாகவே நிமிர்ந்து நிற்கும். உள்ளே மணி இருக்காது. தூர்கட்டும் பருவத்திலேயே குருத்து இலை அடையாளம் காட்டியிருக்கும்.

போரான் குறையும் மணியைக் கெடுக்கும். அதனால்தான் கண்ணால் பார்த்ததோடு நிறுத்தாமல் மண்ணையும் பார்க்க வேண்டும்.

பழைய இலையா, குருத்து இலையா?

எந்தச் சத்து குறைந்தது என்பதற்கு முதல் சாட்சி, எந்த இலை கெட்டது என்பதுதான். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் பயிருக்குள் இடம் மாறக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் பயிர் கீழ் இலையில் இருப்பதை எடுத்து மேலே அனுப்பும். அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும் அல்லது ஓரம் கருகும். நெல்லில் துத்தநாகக் குறையும் அடி இலைகளில் துருப் புள்ளியாகத்தான் தொடங்கும்.

தாமிரம் அப்படி எளிதில் நகராது. அடி இலை பச்சையாகவே இருக்கும், குருத்து பட்டினி கிடக்கும். இலை நுனி வெளுக்கும், முறுக்கிக்கொள்ளும், விரியாமல் ஊசிபோல நிற்கும். நடு நரம்பின் இரண்டு பக்கமும் வெளிறிய கோடு ஓடும். இரும்புக் குறையும் குருத்து இலையில்தான் தெரியும். ஆனால் அதில் நரம்புக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்து, பிறகு இலை முழுவதும் வெண்மஞ்சளாக மாறும். நுனி முறுக்கிக்கொள்ளாது.

யூரியா ஏன் கெடுத்தது?

இலையில் பச்சையம் இருக்கும் இடத்தில்தான் தாமிரத்தின் பெரும் பகுதி வேலை செய்கிறது. தண்டுக்கு உறுதி தரும் நார்ப்பொருள் உண்டாகவும் தாமிரம் வேண்டும். எல்லாவற்றையும்விட, பூவுக்குள் மகரந்தம் முதிர்வதற்கு அது வேண்டும். தாமிரம் இல்லாத மகரந்தம் மலடு. பூ பூக்கும், கதிர் வரும், கரு பிடிக்காது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் இந்தக் குறையை மிக அதிகமாகக் காட்டும். நெல்லும் மக்காச்சோளமும் ஓரளவு தாங்கும். ஆனால் மண்ணில் மிகக் குறைந்துவிட்டால் அவையும் தப்பாது.

இந்த நிலையில் யூரியாவைக் கூட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, பயிர் வேகமாக வளர்ந்து, இருக்கிற கொஞ்சத் தாமிரமும் பெரிய பயிருக்குப் பங்காகிவிடும். இரண்டு, அடி இலையில் இருக்கும் தாமிரம் அந்த இலை முதிர்ந்து காயும்போதுதான் கொஞ்சமாவது விடுபட்டு மேலே போகும். தழைச்சத்து அந்த இலையைப் பச்சையாகவே வைத்திருப்பதால் தாமிரமும் அங்கேயே தங்கிவிடும். வேதாரண்யம் வாசகி கண்ட "கருகருவென்ற பயிர், பாதிப் பதர்" இதற்குப் பொருந்தி வருகிறது.

இது எந்த நிலத்தில் வரும்?

தமிழ்நாட்டில் நுண்ணூட்டக் குறை என்றால் முதலில் துத்தநாகம்தான். தாமிரக் குறை அந்த அளவுக்குப் பரவலானது அல்ல. எல்லா நிலத்திலும் வராது, ஆனால் வருகிற நிலத்தில் மகசூலைப் பாதியாக்கிவிடும். மணற்சாரி நிலம், சத்து கரைந்தோடும் செம்மண், சுண்ணாம்பு மிகுந்த நிலம், மக்கு மிக அதிகமுள்ள சதுப்பு நிலம் ஆகியவை எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை. மணலில் தாமிரம் இயற்கையிலேயே குறைவு. சுண்ணாம்பு நிலத்தில் இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. சதுப்பு நிலத்து மக்கு தாமிரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

தென் ஆஸ்திரேலியாவில் "தொண்ணூறு மைல் பாலைவனம்" என்று அழைக்கப்பட்ட ஒரு மணல் பரப்பு இருந்தது. மழை போதிய அளவு பெய்தும் பயிர் தேறாத இடம் அது. 1940களில் மணிச்சத்தோடு ஏக்கருக்குச் சில கிலோ மயில்துத்தமும் துத்தநாக சல்பேட்டும் சேர்த்த பிறகு அங்கே தீவனப் பயிர்கள் வளர்ந்தன. பெயரையே மாற்றி "கூனால்பின் டவுன்ஸ்" என்றார்கள். அந்த மண்ணுக்குத் தண்ணீர் குறையாக இல்லை, சில கிலோ உப்புதான் குறையாக இருந்தது.

முதலில் மண் மாதிரி

இப்போது அறுவடை முடிந்து நிலம் வெறுமையாக இருக்கிறது. மண் மாதிரி எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஒன்றரை ஏக்கரில் பத்துப் பதினைந்து இடத்தில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துபோல அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்ட வேண்டும். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் இருந்த இடம், வாய்மடை ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிர் எதிர் பங்கை மட்டும் எடுத்து, அரை கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும்.

நுண்ணூட்டத்துக்கு மாதிரி எடுக்கும்போது ஒரு சிறு கவனம் வேண்டும். துருப்பிடித்த மண்வெட்டி, பித்தளைச் சட்டி, நாக முலாம் பூசிய வாளி, பழைய உரச்சாக்கு எதுவும் கூடாது. மண்வெட்டியால் குழி வெட்டினாலும், மண்ணைச் சீவ மூங்கில் பட்டையோ மரக் கரண்டியோ போதும். போட்டு வைக்கப் புதுத் துணிப் பையோ சுத்தமான பிளாஸ்டிக் பையோ போதும். சீட்டில் "நுண்ணூட்டமும் பார்க்க வேண்டும்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வேதாரண்யம் பக்கத்தவர்கள் சிக்கல் வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் யோசனை கேட்கலாம்.

அட்டையில் எந்த எண்ணைப் பார்ப்பது?

மண்வள அட்டையில் மொத்தம் 12 விவரங்கள் இருக்கும். அதில் தாமிரமும் ஒன்று. தேசிய மண்வள அட்டையில் தாமிரத்துக்கு வைத்திருக்கும் எல்லை 0.2 பி.பி.எம். தமிழ்நாட்டு மண்ணுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொண்டுள்ள எல்லை 1.2 பி.பி.எம். ஒரே மண்ணை ஒரு அட்டை "போதுமானது" என்றும் இன்னொரு அட்டை "குறைவு" என்றும் சொல்வது இதனால்தான். குழம்ப வேண்டாம். 0.2க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை, தாமிரம் இட வேண்டும். 1.2க்கு மேலே என்றால் இடத் தேவையில்லை. இடையில் இருந்தால் பயிர் காட்டிய அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்து, சிறு பரப்பில் சோதித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு, எப்படி?

குறை உறுதியானால் ஏக்கருக்கு 2 கிலோ மயில்துத்தம் போதும். மிகவும் குறைந்த மணல் நிலத்துக்கு 4 கிலோ வரை போகலாம். பரிசோதனை நிலையம் எழுதிக் கொடுக்கும் அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

கடைசி உழவில் அடியுரமாக, 20 அல்லது 25 கிலோ காய்ந்த மணலோடு கலந்து ஒரே சீராகத் தூவ வேண்டும். தாமிரம் மண்ணில் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், தண்ணீரோடு பரவாது. ஓரிடத்தில் கொத்தாக விழுந்தால் அங்கே வேர் கருகும், மற்ற இடத்தில் குறை அப்படியே இருக்கும். தூவிய பிறகு மண்ணோடு கலக்க ஒரு சால் ஓட்டிவிடுவது நல்லது. பையில் "தாமிரம் 24 சதவீதம்" என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்கி, ரசீதும் கேட்டு வாங்க வேண்டும்.

பயிர் நிற்கும்போது குறை தெரிந்தால் இலைவழி தெளிப்பு கைகொடுக்கும். லிட்டருக்கு 2 கிராம் மயில்துத்தமும், அதில் பாதி, அதாவது 1 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கரைத்து, வடிகட்டி, பிறகு ஒன்று சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இலை கருகும். பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும். இரும்பு வாளியில் கரைத்தால் தாமிரம் வாளியிலேயே படிந்துவிடும், வாளியும் அரித்துப்போகும். முதல் நாள் நாலைந்து குத்துக்கு மட்டும் தெளித்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்துக் கருகல் இல்லை என்றால் வயல் முழுவதும் மாலை நேரத்தில் தெளிக்கலாம். தூர்கட்டும் பருவத்திலிருந்து கதிர் உருவாகத் தொடங்கும்வரைதான் இதற்கு நேரம். கதிர் வெளியே வந்த பிறகு தெளித்தால் பலன் இல்லை. மகரந்தத்தின் கதை அதற்குள் முடிந்துவிடும்.

இரண்டு சென்ட் சோதனை

நகைக் கடன் பாக்கியிருக்கும்போது இன்னொரு செலவை வயல் முழுவதும் துணிந்து செய்யத் தேவையில்லை. மண் முடிவு இரண்டு எல்லைக்கும் இடையில் வந்தால், வயலின் ஒரு மூலையில் இரண்டு சென்ட்டைச் சிறு வரப்பால் பிரித்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 4 கிலோ என்ற கணக்கில் சென்ட்டுக்கு 40 கிராம், இரண்டு சென்ட்டுக்கு 80 கிராம் மயில்துத்தம். ஒரு சேர் மணலில் கலந்து தூவலாம். மற்ற உரமும் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அறுவடைக்கு முன் இந்தப் பக்கம் பத்துக் கதிர், அந்தப் பக்கம் பத்துக் கதிர் எடுத்து, மணியையும் பதரையும் பிரித்து எண்ணிப் பார்த்தால் விடை கையில் இருக்கும். சில ரூபாய்ச் செலவில் அந்த நிலத்துக்கே உரிய பதில் கிடைத்துவிடும். யூரியாவையும் பரிந்துரைத்த அளவோடு நிறுத்த வேண்டும். தாமிரத்தைச் சரிசெய்துவிட்டு யூரியாவை மறுபடி கூட்டினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு கணக்கு

ஒரு டன் நெல் விளைய, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தாமிரம் ஏறக்குறைய 12 கிராம். ஏக்கருக்கு இரண்டரை டன் விளைந்தாலும் 30 கிராம்தான். ஒரு கிலோ மயில்துத்தத்தில் இருப்பது 240 கிராம் தாமிரம். ஏக்கருக்கு 4 கிலோ போட்டால் 960 கிராம். பயிர் எடுத்தது போக மீதி எங்கும் போகாது. யூரியாபோல ஆவியாகாது, பெரும்பாலும் தண்ணீரோடு கீழே இறங்கவும் இறங்காது. மண்ணில் ஒட்டிக்கொண்டு இருக்கும். அதில் ஒரு பகுதி பயிருக்குக் கிடைக்காத நிலைக்குப் போனாலும், ஒரு முறை இட்டது நாலைந்து ஆண்டு வரும். ஆகவே இது போகத்துக்குப் போகம் போடும் உரம் அல்ல. மறுபடி போடுவதற்கு முன் மறுபடி மண்ணைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

கேள்வி 2

"பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் நிலம். அப்பா காலத்திலிருந்து முப்பது வருஷம் வெற்றிலைக் கொடிக்கால். வாடல் வந்ததால் கொடிக்காலை எடுத்துவிட்டு மக்காச்சோளம் போட்டேன். நுண்ணூட்டக் குறை வராமல் இருக்க முன்னெச்சரிக்கையாகப் போகத்துக்கு ஏக்கருக்கு 5 கிலோ மயில்துத்தம் போடுகிறேன். நாலு போகம் ஆயிற்று. பயிர் குட்டையாகி, குருத்து மஞ்சளாகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டையாக, நுனி கறுத்து இருக்கிறது. மயில்துத்தம் போதவில்லையா?"
– பரமத்தி வேலூர் பகுதி வாசகர்

விளக்கம்

இனி ஒரு கிராம்கூடப் போட வேண்டாம். இங்கே அதிகமாகப் போயிருக்கவே வாய்ப்பு.

நாலு போகத்தில் 20 கிலோ மயில்துத்தம் என்றால் ஏக்கருக்கு 4 கிலோ 800 கிராம் தாமிரம். இவர் போட்டது மட்டும்தான் இது. அதற்கு முன் முப்பது வருடம் அந்த மண்ணுக்குள் போன போர்டோக் கலவையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கொடிக்காலில் வாடலைத் தடுக்க, மழைக்காலத்தில் போர்டோக் கலவையைக் கொடியின் தூரில் ஊற்றுவது வழக்கம். நூறு லிட்டர் ஒரு சதவீதக் கலவையில் ஒரு கிலோ மயில்துத்தம், அதாவது 240 கிராம் தாமிரம் இருக்கும். நோய்க்கு என்று ஊற்றினாலும், உரம் என்று போட்டாலும், மண்ணுக்கு எல்லாம் ஒரே தாமிரம்தான்.

போர்டோக் கலவை பிறந்த இடத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க மில்லார்டே என்ற அறிஞர் இந்தக் கலவையை உருவாக்கினார். தோட்டங்கள் பிழைத்தன. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தெளித்த தாமிரம் பழைய திராட்சைத் தோட்டங்களின் மேல் மண்ணில் தங்கிவிட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 7 ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேரில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் தெளிக்கக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. இயற்கை விவசாயத்துக்கும் அதே வரம்புதான்.

தாமிரம் மிஞ்சினால் முதலில் அடிபடுவது வேர். வேர் நீளாது, தடித்துக் குட்டையாகும், நுனி கறுக்கும். அந்த வேரால் இரும்பை எடுக்க முடியாது. அதனால் குருத்து மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து மேலும் நுண்ணூட்டம் என்று மயில்துத்தத்தையே போட்டால், நோயையே மருந்தாகக் கொடுத்தது போலாகும்.

ஆனால் இதையும் ஊகத்தில் விடக் கூடாது. சுண்ணாம்பு மிகுந்த நிலமாக இருந்தால் தாமிரம் மிஞ்சாமலே இரும்புக் குறை வரலாம். மண் ஆய்வில் கார அமில நிலை, தாமிரம், இரும்பு மூன்றையும் பார்க்க வேண்டும். அதுவரை நிற்கிற பயிருக்கு, லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை மாலையில் தெளிக்கலாம். குருத்து பச்சை திரும்பினால் குறை இரும்பில் என்று தெரிந்துவிடும்.

மண்ணில் சேர்ந்த தாமிரத்தை வெளியே எடுக்க எளிய வழி எதுவும் இல்லை. அதன் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். நன்கு மக்கிய எருவை ஏக்கருக்கு 5 டன் வீதம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுவந்தால் மக்கு தாமிரத்தைப் பிடித்துவைக்கும். மண் அமிலமாக இருந்தால் மட்டும் ஆய்வுப்படி சுண்ணாம்பு இடலாம். தாமிரம் கலந்த பூஞ்சாணக்கொல்லியை அந்த நிலத்தில் தவிர்த்து வேறு மருந்து கேட்டு வாங்க வேண்டும். குறையை ஒரு போகத்தில் சரிசெய்துவிடலாம், மிகையைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும்.

கொடிக்கால் இல்லாதவர்களும் தங்கள் வயல் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம். நெல் வயலில் பாசி படர்ந்தால் ஏக்கருக்கு ஒரு கிலோ மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து வாய்மடையில் வைப்பது பழக்கம். அதுவே 240 கிராம் தாமிரம், எட்டுப் போக நெல்லுக்கான அளவு. பாசிக்கு அப்படி வைத்து வருகிறவர்கள் உரமாகத் தனியே தாமிரம் இடுவதற்கு முன் மண்ணைப் பார்ப்பது அவசியம். காப்பர் ஆக்சிகுளோரைடு 50 சதவீதத் தூளில் ஏறக்குறைய பாதி தாமிரம். அடிக்கடி அதைத் தெளிக்கிற தோட்டத்துக்கும் இதே சொல்தான்.

குறுங்கேள்விகள்

டி.ஏ.பி.யோடு கலந்து ஒரே வீச்சில் போடலாமா?

கூடாது. மணிச்சத்தோடு சேர்ந்தால் தாமிரம் கரையாத பொருளாக மாறும். மயில்துத்தம் ஈரம் இழுத்துக் கட்டியாகவும் ஆகும். மணலோடு தனியாகத் தூவி மண்ணோடு கலந்துவிட்டு, மற்ற உரத்தைப் பிறகு போடலாம்.

எரு போட்டாலே தாமிரம் கிடைத்துவிடாதா?

பல நிலங்களில் கிடைத்துவிடும். எருவுக்கு எரு மாறினாலும், ஒரு போகப் பயிருக்குத் தேவையானது சில பத்து கிராம்தானே. ஆண்டுதோறும் தொழு உரம் போடுகிற, வைக்கோலில் ஒரு பங்கையாவது வயலுக்கே திருப்பித் தருகிற நிலத்தில் தாமிரக் குறை அரிதாகவே தலைகாட்டும். வேதாரண்யம் போன்ற மணல் நிலத்துக்கு நிலையான மருந்தும் அதுவே.

துத்தநாக சல்பேட் போகத்துக்குப் போகம் போடுகிறோம். அது தாமிரத்தைத் தடுக்குமா?

இரண்டும் வேருக்குள் போகப் போட்டியிடும். ஒன்று மிக அதிகமானால் மற்றது குறையும். துத்தநாகத்தையும் மண் ஆய்வு சொல்லும் அளவோடு நிறுத்துவது நல்லது.

மயில்துத்தம் போட்ட வயலில் ஆடு மேய்க்கலாமா?

அடியுரமாகப் போட்டு மண்ணோடு கலந்த வயலில் பிறகு வளரும் புல்லால் பயம் இல்லை. இலையில் தெளித்த வயலிலும் அதன் வரப்பிலும், நல்ல மழை ஒன்று பெய்து கழுவும்வரை செம்மறி ஆட்டை விடக் கூடாது. செம்மறிக்குத் தாமிரத்தை வெளியேற்றும் சக்தி குறைவு. ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து ஒருநாள் திடீரென்று காமாலையும் செந்நிறச் சிறுநீருமாக ஆடு சாய்ந்துவிடும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். தெளிப்பானைக் குளத்திலோ மீன் குட்டையிலோ கழுவக் கூடாது, மீன் செத்து மிதக்கும்.

வீட்டில் எப்படி வைப்பது?

பார்க்க நீலக் கற்கண்டு மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் போட்டுவிடும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மீதி இருந்தால் பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில், எட்டாத உயரத்தில், பூட்டி வைக்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்தப் பதினைந்து நாளில்

வேதாரண்யம் வாசகி செய்ய வேண்டியது: மண் மாதிரி எடுத்துக் கொடுப்பது, முடிவு வரும்வரை மயில்துத்தம் வாங்காமல் இருப்பது, கோடை உழவோடு கிடைத்த எருவைச் சேர்ப்பது. குறை உறுதியானால் ஒன்றரை ஏக்கருக்கு மூன்றிலிருந்து ஆறு கிலோ, ஒரே தடவை. இந்தப் போகம் பூச்சி மருந்துக்கும் கூடுதல் யூரியாவுக்கும் போன பணத்தில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். குறை தாமிரம் இல்லை என்று வந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

பரமத்தி வேலூர் வாசகர் செய்ய வேண்டியதும் அதே மண் மாதிரிதான். கடையில் வாங்கி வைத்திருக்கும் பையைப் பிரிக்க வேண்டாம்.

இருவரும் அட்டை வந்ததும் அதன் நகலை இந்தப் பக்கத்துக்கு அனுப்பினால், எண்களைப் பார்த்து அடுத்த கட்ட விளக்கம் வெளிவரும். மற்ற வாசகர்கள் கேள்வி அனுப்பும்போது எந்த இலை முதலில் கெட்டது, எந்தப் பருவத்தில், அதற்கு முன் என்ன உரம், என்ன மருந்து போட்டது என்ற நான்கையும் எழுதினால் பதில் சொல்வது எளிது.